"பம்ப் போச்சு" என்றதும் தலையாட்டிவிடாதீர்கள்

பெங்களூரில் பழைய பிக்கப் ஓட்டிப் பிழைக்கிற நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. என் கையில் பில் இல்லை, அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம்.

வண்டி 2009 மாடல் டீசல். என்ஜினுக்கு டீசலைத் தள்ளுவது மெக்கானிக்கல் பம்ப், கம்ப்யூட்டர் சமாச்சாரம் எதுவும் கிடையாது. கலாசிபாளையத்தில் காய்கறி ஏற்றி அல்சூர் பக்கம் கடைகளுக்குப் போடுகிறேன். வாங்குவதற்காக வண்டி பார்க்கப் போன அன்று என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தது. "இப்பதான் டீக்கடை வரைக்கும் போயிட்டு வந்தேன்" என்றார் விற்றவர். சரி என்று விட்டுவிட்டேன். மறுநாள் விடியற்காலை நாலு மணிக்குத்தான் விஷயம் தெரிந்தது. செல்ஃப் அடித்து அடித்துத்தான் ஸ்டார்ட் ஆனது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் விட்டால் சத்தம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். சிக்னலில் நின்றால் பின்னால் காலி கிரேட்டுகள் தாளம் போடும். ரெண்டு தடவை டவுன்ஹால் சிக்னலிலேயே ஆஃப் ஆகிவிட்டது.

வீட்டுக்குப் பக்கத்து மெக்கானிக்கிடம் விட்டேன். "எந்த ஊருண்ணா?" என்றார். ஊத்தங்கரை என்றேன். "அட, நமக்கு சிங்காரப்பேட்டைண்ணா!" அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். பானெட்டைத் திறந்து ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "பம்ப் போச்சுண்ணா. கழட்டி, டீசல் அளவு சரிபண்ண கேலிபரேஷன் போடணும், பதினெட்டாயிரம் ஆகும்." யூபிஐயில் அனுப்பினேன். மூன்றாம் நாள் வண்டி வந்தது, ஆட்டம் இல்லை. ஆனால் ஐடிலே உறுமலாக இருந்தது, ரிவர்ஸ் போட்டால் 'கடக்' என்று விழுந்தது, டீசலும் கூடுதலாகக் குடித்தது. பத்தே நாளில் பழைய கதை திரும்பியது.

அப்புறம்தான் சிவாஜி நகரில் ஒரு பாயிடம் போனேன். அவர் எதையும் கழற்றவில்லை. ஐந்து லிட்டர் ஆயில் கேனைக் கழுவித் துடைத்து, வடிகட்டிய டீசலை ஊற்றி, பானெட் கொக்கியில் கட்டித் தொங்கவிட்டார். டேங்கிலிருந்து வரும் லைனைப் பிரித்துவிட்டு, கேனிலிருந்து ஒரு ஹோஸை நேராகப் பம்ப்புக்குக் கொடுத்தார். ரிட்டர்ன் ஹோஸையும் கேனிலேயே விட்டார். ஹோஸில் சிக்கிய ஏரை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் தையல் மிஷின் மாதிரி ஒரே சீராக ஓடியது. "பம்ப் நல்லா இருக்கு தம்பி. இது வழியில எங்கேயோ காத்தை இழுக்குது" என்றார்.

டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அந்த லைனில் ஓட்டை இருந்தால், வண்டி ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் கீழே ஈரம் தேடினால் ஒன்றும் சிக்காது. ராத்திரி நிற்கும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று நுழைந்து, லைனில் இருக்கும் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும், காலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பம்ப்புக்கு முன்னால் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஹோஸ் ஒரு துண்டு போட்டுக் காட்டினார். சோடா மாதிரி குமிழ் வந்துகொண்டிருந்தது. குற்றவாளி, டேங்க் பக்கத்தில் கிளாம்ப்புக்கு அடியில் வெடித்துக் கிடந்த ரப்பர் ஹோஸ். ஃபில்டர் மேலே ஒரு காப்பர் வாஷரும் நசுங்கியிருந்தது. சாமானும் கூலியும் சேர்த்து 540 ரூபாய்.

கடைசியில் பாய் டார்ச் அடித்து ஒன்று காட்டினார். பம்ப் போல்ட்டுகளின் மேல் பழைய மஞ்சள் பெயிண்ட் கோடு அப்படியே இருந்தது, அதன் மேல் எண்ணெய்ப் புழுதி ஒரு பருக்கைகூடக் கலையவில்லை. பளபளப்பாக இருந்தது ஐடில் ஸ்க்ரூவின் லாக் நட் மட்டும்தான். பம்ப்பை யாரும் தொடவே இல்லை! ஸ்க்ரூவைத் திருகி ஐடிலை ஏற்றி, ஆட்டத்தை மறைத்திருக்கிறார்கள். அதற்கு 18,000.

நிஜமாகவே பம்ப்போ, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரோ போவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேன் வைத்துப் பார்க்காமல் கழற்ற விடாதீர்கள். கழற்றினால், பம்ப்பைச் சோதிக்கிற டெஸ்ட் பெஞ்ச்சில் ஏற்றும்போது நீங்களும் கூடப் போய் நில்லுங்கள், மாற்றிய சாமானைக் கையில் வாங்குங்கள். இன்ஜெக்டருக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் செய்து எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்களே, அதைக் காமன் ரெயில் வண்டியில், அதாவது கம்ப்யூட்டர் வைத்து ரொம்ப அதிக பிரஷரில் டீசல் போகும் புது வண்டியில், செய்யவே கூடாது. அந்தப் பிரஷரில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

முதல் மெக்கானிக்கிடம் திரும்பிப் போய்க் கேட்டேன். "பம்ப்பைக் கழட்டாமலே சர்வீஸ் பண்ணோம்ணா" என்றார். மூவாயிரம் கொடுத்தார், மீதிக்குப் போனையே எடுக்கவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கு அடித்தேன். பிழைப்புக்காகத் தானே ஓட்டும் வண்டி என்றால் நாமும் நுகர்வோர்தான், கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் முதல் கேள்வியே பில்தான். "அண்ணன்" என்று எழுதியிருக்கும் யூபிஐ ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

நேற்று அந்தப் பக்கம் போனேன். கடை வாசலில் எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்து டிஎன் 24 பிக்கப் ஒன்று பானெட் திறந்து நின்றது. டிரைவரும் அவரும் டீ குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.