‘உடை’யைத் தேடிப் பாருங்கள்: அச்சு அகராதியா, செயலியா?

ஒரு தமிழ்–ஆங்கில அகராதிச் செயலியின் தரம் தெரிய ‘உடை’ என்று தட்டிப் பார்த்தாலே போதும். ஆடை, உடைதல், உடைத்தல் மூன்றையும் ஒரே வரியில் கொட்டியிருந்தால் தயங்காமல் நீக்கிவிடலாம். க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதியில் இவை தனித்தனிப் பதிவுகள். வினை என்றால் ‘உடைய, உடைந்து’, ‘உடைக்க, உடைத்து’ என்று வடிவங்களும் பக்கத்திலேயே இருக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘பிரேக்’தான், ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எழுதுகிறவர் சறுக்குவது இங்கேதான். பொருள் இரு மொழிகளிலும் உண்டு, எடுத்துக்காட்டு வாக்கியமும் உண்டு. முதல் பதிப்பு 1992இல் வந்தது. வாங்குவதானால் 2020இன் மூன்றாம் பதிப்பைப் பாருங்கள். பையில் சுமக்கிற புத்தகமல்ல, மேசையில் கிடக்க வேண்டியது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதிக்கோ நேர்மாறான யோசனை. 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வந்தது, லட்சத்துக்கு மேல் சொற்கள். அலமாரியை அடைக்கத் தேவையில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. விளக்கத்துக்குள்ளும் தேடலாம் என்பதுதான் பெரிய வசதி: கலப்பைக்கான ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் உழவுச் சொற்கள் சரம்சரமாக வரும். அச்சில் இதற்கு வழியே இல்லை. (‘கணினி’யை அதில் தேடாதீர்கள், காலம் அப்படி.)

தேடியும் கிடைக்கவில்லையா? ‘கேட்டான்’, ‘நட்டான்’ என்றே தட்டியிருப்பீர்கள். கேள், நடு என்று பகுதியை, அதாவது வேர்ச்சொல்லைத் தட்ட வேண்டும். வேறிடத்திலிருந்து வெட்டி ஒட்டிய சொல்லில் இன்னொரு சிக்கல். ‘கொ’வின் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான்; சில செயலிகளுக்கு இரண்டு. அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள்.

அகரவரிசையையும் ஒருமுறை சோதியுங்கள். அச்சில் ‘அகம்’ வருமுன் ‘அக்கா’ வரும், மெய் முந்தும் என்பதால். கணினியில் எழுத்துகளுக்கு உள்ள யூனிகோடு எண்படி அப்படியே அடுக்கிய செயலியில் ‘அகம்’ முந்திவிடும். பட்டியலைப் புரட்டிப் பார்க்கிற பழக்கமுள்ளவருக்கு இது பெரிய எரிச்சல்.

ஆங்கிலச் சொல்லுக்குப் பொருளும் உச்சரிப்பும் மட்டும் போதுமென்றால் கைப்பேசியே மேல். ஒலியை அச்சு தராது. காசு கொடுக்குமுன் இணையத்தை அணைத்துவிட்டுப் பத்துச் சொல் தேடிப் பாருங்கள். ‘ஆஃப்லைன்’ என்று போட்டிருந்தும் சிலவற்றில் சொற்பட்டியல் மட்டுமே திறக்கும், பொருள் வராது.