விம் எடிட்டரும் அதற்குள் இருக்கும் உதவியும்: நீண்ட காலப் பாவனை அனுபவம்

மட்டக்களப்பு கல்லடியில் இருந்தபடி தொலைவிலுள்ள லினக்ஸ் சேவர்களைப் பராமரிக்கும் எனக்குப் பல ஆண்டுகளாக அன்றாடக் கருவியாக இருந்துவருவது, பிராம் மூலனார் 1991இல் முதன்முதலாக வெளியிட்ட, எழுத்துக் கோப்புகளை எழுதித் திருத்தும் மென்பொருளான விம் எடிட்டர். இதைப் பழகுவது கடினம் என்று பலர் தொடக்கத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். அதற்குள்ளேயே இருக்கும் உதவிக் கோப்புகளிடம் கேட்கப் பழகியவருக்கு அந்தக் கடினம் பெருமளவு குறைந்துவிடும் என்பதே என் அனுபவம்.

தொடக்கப் பயிற்சிக்கு விம்டியூட்டர் என்ற கட்டளை போதும். அரை மணித்தியால வேலைதான். அதன் பின்னர் முக்காற்புள்ளியுடன் ஹெல்ப் என்று தட்டி, வேண்டிய சொல்லைச் சேர்த்துக் கேட்க வேண்டும். விம்மில் கட்டளை இடும் நிலை, எழுதும் நிலை என்று பல நிலைகள் உண்டு. ஒரே விசை ஒவ்வொரு நிலையிலும் வெவ்வேறு வேலை செய்வதால், எந்த நிலையைப் பற்றிக் கேட்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். கொன்ட்ரோல் வி என்று மட்டும் கேட்டால் கட்டமாகத் தெரிவு செய்யும் முறை விளக்கப்படும். அதற்கு முன்னால் ஐ எழுத்தையும் அடிக்கோட்டையும் சேர்த்துக் கேட்டால், எழுதும் நிலையில் அதே விசைகள் செய்யும் வேலை விளக்கப்படும். பெயர் தெரியாத விடயங்களுக்கு ஹெல்ப்கிரெப் கட்டளை உதவிக் கோப்புகள் அனைத்தையும் துழாவித் தருகிறது.

தமிழில் எழுதுபவர்களுக்கு இதன் பயன் இன்னும் அதிகம். 'கி' என்று எழுதிவிட்டுப் பேக்ஸ்பேஸை ஒரு தடவை அழுத்தினால், இயல்பான அமைப்பில் முழு எழுத்தும் அழிந்துவிடும். ஹெல்ப்கிரெப்பில் கம்பைனிங் என்று தேடியபோதுதான் டெல்கம்பைன் என்ற அமைப்பு எனக்குத் தெரியவந்தது; அதை இயக்கிய பின் இகரக் குறி மட்டும் நீங்கி 'க' அப்படியே நிற்கிறது. தமிழ்க் குறிப்புகளைத் திருத்தும்போது இந்த ஒரு வசதி எவ்வளவு ஆறுதல் என்பதைப் பயன்படுத்துபவரே உணர்வார்.

மாரி காலத்தில் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போய்விடும் எங்கள் பகுதியில், உதவி முழுவதும் கணினியிலேயே இருப்பது பெரிய பலம். 200 எழுத்துகள் தட்டியதும், அல்லது 4 விநாடிகள் தட்டாமல் இருந்தாலும், எழுதுவதைத் தற்காலிகமாகச் சேமிக்கும் தன் ஸ்வாப் கோப்பை விம் புதுப்பித்துக்கொள்வதால், திடீரென்று கணினி நின்றாலும் எழுதியதில் பெரும்பகுதியை மீட்டெடுக்கலாம். சேவரில், கட்டளைத் திரையை அங்கேயே தக்கவைக்கும் மென்பொருளான டிமக்ஸுக்குள் வேலை செய்தால், இணைப்பு அறுந்தாலும் அங்கே ஓடும் வேலை நிற்பதில்லை.

லினக்ஸ் கட்டளைகளுக்கான கையேடாகிய மேன் பக்கங்களைப் பற்றி அதே மகிழ்ச்சியுடன் சொல்ல முடியவில்லை. அவை துல்லியமானவை, ஆனால் உதாரணங்கள் குறைவு என்பதால் புதியவர் திணறுவார். அவற்றில் பிரிவு எண் முக்கியம் என்பதையும் எவரும் முதலில் சொல்லித் தருவதில்லை. உதாரணமாக, வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாக ஓடவைக்க உதவும் கிரொன்டாப் பற்றி அறிய மேன் கிரொன்டாப் என்று கேட்டால் கட்டளையின் விளக்கம் மட்டுமே வரும். நேர அட்டவணையை எழுதும் முறை வேண்டுமானால் இடையில் 5 என்ற எண்ணைச் சேர்த்துக் கேட்க வேண்டும்.