அம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த ‘விஷ முறிவு நெய்’

சேலத்திலும் சேர்வராயன் மலை அடிவார ஊர்களிலும் இருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். வீட்டில் யாருக்காவது பாம்புக்கடி ஏற்பட்டு, ஆஸ்பத்திரியில் பிழைத்துத் திரும்பியிருந்தால் கட்டாயம் படியுங்கள். அந்த நெய்யை விற்ற கடையின் பெயரை நான் எழுதவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, முடியும்வரை பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அவர்கள் எப்படிப் பேசுவார்கள், என்ன கொடுப்பார்கள் என்பதைச் சொல்கிறேன். அது போதும், பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும்.

அம்மாவுக்கு 58 வயது. கன்னங்குறிச்சி தாண்டி மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மரவள்ளிக்காடு இருக்கிறது. போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், ஆட்டுக்குத் தழை ஒடிக்க வரப்போரம் போனபோது கணுக்காலில் கடித்துவிட்டது. கண்ணாடி விரியன். பக்கத்துக் காட்டு அண்ணன் கண்ணால் பார்த்தார். அவர் செய்த காரியத்துக்கு நாங்கள் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கிறோம். கயிறு கட்டவில்லை, பிளேடால் கீறவில்லை, மந்திரிக்கக் கூட்டிப்போகவில்லை. கால் விரலில் இருந்த மெட்டியைக் கழற்றிவிட்டு, அம்மாவை ஓர் அடிகூட நடக்கவிடாமல் கட்டிலோடு தூக்கி, தக்காளி ஏற்ற வந்த மினிலாரியில் போட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். முக்கால் மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆரம்பித்துவிட்டது.

அங்கே ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்த்தார்கள். உறையவில்லை, தண்ணீர் மாதிரியே இருந்தது. ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. உடனே விஷ முறிவு மருந்து 10 குப்பி டிரிப்பில் ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து மறுபடி ஏற்றினார்கள். ஒரு பைசா செலவில்லை. ஆனால் விரியன் விஷம் சிறுநீரகத்தைத் தாக்கிவிட்டது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதை ரத்தத்தில் காட்டும் அளவு கிரியேட்டினின், அது ஏறினால் சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அது 4.8 வரை ஏறி, பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது 2.3-க்கு இறங்கியிருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது 1.9. இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச்சொன்னார்கள். வலி மாத்திரை, நாட்டு மருந்து எதுவும் கேட்காமல் சாப்பிடக்கூடாது என்று டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த இரண்டு வார இடைவெளியில்தான் நான் தப்பு செய்தேன்.

அம்மாவுக்குக் கால் வீக்கம் முழுதாக வடியவில்லை. சோர்வு, சாப்பாடு பிடிக்கவில்லை, ராத்திரி தூக்கமில்லை. தெருவில் ஆளாளுக்கு, "விஷம் இன்னும் முழுசா இறங்கல, உள்ளேயே தங்கியிருக்கு" என்றார்கள். அத்தை ஒருவர், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் ஆயுர்வேத வைத்தியர் இருக்கிறார், விஷ முறிவுக்கே பேர்போனவர் என்றார். கூட்டிப்போனேன்.

அந்த ஆள் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் என்னை விழ வைத்தது. நாடி பார்த்தார். மூத்திரத்தில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பரவுவதைக் காட்டி, "பார்த்தீங்களா தம்பி, பாம்பு மாதிரி ஓடுது, விஷம் உள்ளே இருக்கு" என்றார். இதற்குத் தூஷி விஷம் என்று பெயர், ரத்தத்திலிருந்து இறங்கி எலும்பு மஜ்ஜைக்குள் போய் ஒளிந்திருக்கும், வருடங்கள் கழித்துத் திரும்ப எழும்பும் என்றார். "நீங்க ஆஸ்பத்திரியில ஏத்தினது இங்கிலீஷ் விஷ முறிவு, அது மேலோட்டமா வேலை செய்யும். இது கல்யாணக நெய், சரகர் சொன்ன விஷ முறிவு, வேர் வரைக்கும் போகும்." மூன்று ஜாடி கொடுத்தார். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், விடியற்காலை வெறும் வயிற்றில் மூன்று கரண்டி. ஏழாம் நாள் ஒரு பொட்டலம் தனியாக, அது பேதி மருந்து, விஷம் வெளியேற வேண்டுமாம். நெய் ஜாடி ஒன்று 4,200 ரூபாய். மூன்று ஜாடி, பொட்டலத்துக்கு 900, பார்த்ததற்கு 500, ஆக 14,000.

கடைசியாக வாசல்வரை வந்து ஒன்று சொன்னார்: "நெய் ஓடுற வரைக்கும் அந்த ஆஸ்பத்திரி மாத்திரை, ரத்த டெஸ்ட் எல்லாம் வேண்டாங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது."

14,000 போனதைப் பற்றி எனக்கு இப்போது அவ்வளவு வருத்தமில்லை. இந்த ஒரு வரியைக் கேட்டு அம்மாவின் இரண்டாவது பரிசோதனைக்கு நான் கூட்டிப்போகாமல் விட்டேனே, அதுதான் இன்னும் தூங்க விடவில்லை.

ஏழாம் நாள் பேதி மருந்து கொடுத்தோம். ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு தடவை போயிற்று. கண் உள்ளே இழுத்துவிட்டது. போன் செய்தால், "நல்லா விஷம் இறங்குதுங்க, பயப்படாதீங்க" என்றார். அப்புறம் சிறுநீர் குறைய ஆரம்பித்தது. பதினெட்டாம் நாள் முகமெல்லாம் வீங்கி, வாந்தி நிற்கவில்லை. மறுபடி பெரிய ஆஸ்பத்திரி. கிரியேட்டினின் 5.6. மூன்று தடவை டயாலிசிஸ் செய்தார்கள்.

சிறுநீரக மருத்துவர் முதலில் கேட்டது, "என்ன கொடுத்தீங்க?" ஜாடியை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘விஷ முறிவு மகா நெய்’ என்று பச்சை எழுத்தில் ஒட்டியிருந்தது, ஒரு பசுமாட்டின் படம், அவ்வளவுதான். என்ன மூலிகை, எங்கே காய்ச்சியது, எப்போது காய்ச்சியது, ஒன்றும் இல்லை. "உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தானே எதுக்கு வைத்தியம் பார்க்கிறதுன்னு எங்களுக்குத் தெரியும்?" என்றார். ஏற்கெனவே அடிபட்டுத் தேறிக்கொண்டிருந்த சிறுநீரகத்துக்கு, அந்தப் பேதியில் போன நீர்ச்சத்தே போதும் என்றார். அதோடு அவர் இன்னொன்றும் விளக்கினார். அதை முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் நான் அந்த மாடிப்படி ஏறியிருக்கவே மாட்டேன். ரத்தத்தில் இருந்த விஷத்தை ஊசி மருந்து முறித்துவிட்டது. அம்மாவுக்கு மிச்சமிருந்தது விஷம் அல்ல, விஷம் விட்டுப்போன காயம். சிறுநீரகம் ஆறுவதற்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை சோர்வும் வீக்கமும் இருக்கத்தான் செய்யும். அதனால்தான் அடிக்கடி வந்து ரத்தம் கொடுக்கச் சொல்கிறார்கள்.

அம்மா தேறிய பிறகு, முறையாகப் படித்துப் பதிவு பெற்ற ஆயுர்வேத மருத்துவர் ஒருவரிடம் அந்த ஜாடியை எடுத்துப்போனேன். ஆயுர்வேதத்தின் மேல் எனக்குக் கோபம் இருந்தது. அவருக்கு என்னைவிட அதிகக் கோபம் வந்தது, அந்த ஆளின் மேல். ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசினார்.

கல்யாணக நெய் என்பது பொய்யில்லை, உண்மையிலேயே உண்டு. ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களில் ஒன்று விஷ வைத்தியம், அகத தந்திரம் என்று பெயர். ஆயுர்வேதத்தின் பழைய மூல நூல்களில், சரகரின் சரக சம்ஹிதையில் சிகிச்சைப் பகுதியின் 23-ஆம் அத்தியாயமும், சுஸ்ருத சம்ஹிதையில் கல்ப ஸ்தானம் முழுதும் அதற்கே. விஷத்துக்குப் பத்து குணம் சொல்லியிருக்கிறார்கள்: வறட்சி, சூடு, கூர்மை, சட்டென்று பரவுவது என்று போகும். நெய் குளிர்ச்சி, பசை. அதற்கு நேர் எதிர். அதனால்தான் விஷ வைத்தியத்தில் நெய்க்கு அவ்வளவு இடம். தூஷி விஷம் என்ற சொல்லும் அந்த நூல்களில் இருப்பதுதான். ஆனால் கல்யாணக நெய் சரகரில் முதன்மையாக வருவது மனநோய் பற்றிய இடத்தில். அதன் பயன்களைச் சொல்லும் வரிசையில் விஷமும் ஒன்றாக வருகிறது. "அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கிட்டு 4,200 ரூபாய்க்கு விக்கிறான்" என்றார்.

அப்புறம் அந்த நெய்யை எப்படிக் காய்ச்சுவார்கள் என்று சொன்னார். இருபத்தெட்டு சரக்கு: திரிபலா, தேவதாரு, இரண்டு மஞ்சள், நன்னாரி, மஞ்சிட்டி, ஏலம், தாளிசபத்திரி, சந்தனம், தந்தி வேர் என்று நீளும். அரைத்த விழுது ஒரு பங்கு, பசுநெய் நான்கு பங்கு, நீர் பதினாறு பங்கு. சிறு தீயில், தண்ணீரெல்லாம் வற்றும்வரை பொறுமையாகக் காய்ச்ச வேண்டும். பதம் பார்ப்பது எப்படியென்றால், அடியில் தங்கிய விழுதை எடுத்து விரலில் உருட்டினால் திரி மாதிரி வர வேண்டும், அதைத் தீயில் காட்டினால் சடசடவென்று வெடிக்கக்கூடாது, நெய்யில் நுரை அடங்க வேண்டும். அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு கவனமாக ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்ததை எடுத்து, எவனோ என் அம்மாவின் உடம்பில் விளையாடியிருக்கிறான்.

ஜாடியைத் திறந்து முகர்ந்தார். மூலிகை வாசமே இல்லை, மஞ்சளும் கற்பூரமும் மட்டும். உள்ளங்கையில் வைத்தார். பசுநெய் கைச்சூட்டில் உருகி வழியும், இது மெழுகு மாதிரி அப்படியே இருந்தது. "எனக்கு இது டால்டாவாத்தான் தெரியுது" என்றார். என் நண்பர் ஒருவர் கெமிஸ்ட்ரி ஆசிரியர். அவர் பள்ளி ஆய்வகத்தில், உருக்கிய நெய்யோடு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கினார். அடியில் நின்ற அமிலம் செக்கச்செவேலென்று ஆயிற்று. டால்டா போன்ற வனஸ்பதியில் அடையாளத்துக்காக நல்லெண்ணெய் சேர்ப்பார்கள், அந்த நல்லெண்ணெய்தான் இப்படிச் சிவப்புக் காட்டும். பக்கத்திலேயே வீட்டில் உருக்கிய ஊத்துக்குளி வெண்ணெயின் நெய்யையும் அதேபோல் செய்தார். நிறம் மாறவில்லை. இது கோர்ட்டில் செல்லுபடியாகும் சோதனை இல்லை, எனக்குத் தெரியும். எனக்கு ஒரு முடிவு தெரிய வேண்டியிருந்தது, தெரிந்துவிட்டது.

இனி நீங்கள் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

ஆயுர்வேத மருந்தோ சித்த மருந்தோ, லேபிள் இல்லாமல் விற்கக்கூடாது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது, செய்தவர் பெயரும் முகவரியும், உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், செய்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் இருக்க வேண்டும். கல்யாணக நெய்யில் சேரும் தந்தி, நச்சுத்தன்மையுள்ள சரக்குகளின் பட்டியலில் இருப்பது. அப்படிப்பட்ட மருந்தை மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கையும் ஜாடியில் வேண்டும். உண்மையான கல்யாணக நெய் மருந்துக்கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால் அதையும் சிறுநீரகம் அடிபட்டவருக்கு நாமாக வாங்கிக் கொடுக்கக்கூடாது என்று அந்த ஆயுர்வேத மருத்துவரே அடித்துச் சொன்னார். பசியில்லாதவருக்கு, வாந்தி எடுப்பவருக்கு அவர்கள் முறையிலேயே நெய் குடிக்கக் கொடுப்பதில்லையாம். அம்மாவுக்கு அப்போது பசியே இல்லை என்பதை அந்த மாடி வைத்தியர் கேட்கக்கூட இல்லை.

கடித்த உடனே நெய் கொடுத்தால் நெஞ்சைக் காக்கும் என்று ஒரு பேச்சு நம் பக்கம் உண்டு. பழைய நூல்களிலும் அப்படி ஒரு முறை இருக்கிறது. அவையெல்லாம் ஊசி மருந்து இல்லாத காலத்தில் எழுதியவை. தயவுசெய்து செய்யாதீர்கள். நல்லபாம்போ கட்டுவிரியனோ கடித்தால் தொண்டை செயலிழந்து விழுங்க முடியாமல் போகும், நெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். கட்டுவிரியன் ராத்திரி தூக்கத்தில் கடிக்கும், வலியே தெரியாமல் போகலாம். விடியற்காலை இமை தொங்கினால், பேச்சுக் குழறினால், கடிவாய் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஏற்காட்டில் மலைமேல் இருக்கும் ஊர்க்காரர்கள் இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும், இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டியிருக்கிறது.

‘இங்கிலீஷ் மருந்து’ என்று அந்த ஆள் இழிவாகச் சொன்னதற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். அந்த ஊசி மருந்துக்கு நம் ஊர்ப் பாம்புகளிலிருந்துதான் விஷம் எடுக்கிறார்கள். எடுப்பவர்களில் முக்கியமானவர்கள் மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்த இருளர்கள். என் அம்மாவைக் காப்பாற்றிய மருந்தில் நம் பழங்குடி மக்களின் கை இருக்கிறது.

புகார் விஷயம். என்னிடம் பில் இல்லை, கேட்டதற்கு "வைத்தியத்துக்கு ஏதுங்க பில்லு" என்றார்கள். நல்லவேளையாகப் பணத்தைப் போனில் அனுப்பியிருந்தேன், அந்தப் பதிவு இருக்கிறது. மிச்ச நெய்யை ஜாடியோடு அப்படியே வைத்திருக்கிறேன். மாவட்ட சித்த மருத்துவ அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்துவிட்டேன். நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டிருக்கிறோம். நாம் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே வழி கேட்கலாம்.

அம்மாவுக்குப் போன வாரம் கிரியேட்டினின் 1.4. காட்டுக்கு இன்னும் அனுப்பவில்லை, ஆட்டை மட்டும் பார்த்துக்கொள்கிறார். அடுத்த பரிசோதனை வரும் வியாழன்.

பச்சை எழுத்து, பசுமாட்டுப் படம், வாயகன்ற பிளாஸ்டிக் ஜாடி. இதே நெய்யை வாங்கியவர்கள் யாராவது இருந்தால் முதலில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியில் கிரியேட்டினின் பாருங்கள். ஜாடியைத் தூக்கி எறியாதீர்கள். எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே மனு கொடுக்கலாம்.