கண்ணாடிக் கதவில் பூனைக்கு வழி வைக்கப் போய் 320 பவுண்டு போன கதை

லண்டனில் க்ராய்டன் பக்கம் கேட் ஃப்ளாப் (பூனை தானே தள்ளிக்கொண்டு போய்வரக் கதவில் வைக்கும் குட்டிக் கதவு) வைக்க ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள். ஆளின் பெயரைப் போடப் போவதில்லை. போட்டும் பயனில்லை, அவர் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் பூனையின் பெயர் மிளகு. ஒரு வெள்ளை முடிகூட இல்லாத கறுப்பு. காப்பகத்திலிருந்து எடுத்து வந்த புதிதில் வீட்டுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. இரண்டு மாதம் கழித்துப் பின்கதவு முன்னால் உட்கார்ந்து கத்த ஆரம்பித்தது. விடிகாலை நாலரைக்கு ஒருதரம், ஆறு மணிக்கு ஒருதரம். எழுந்துபோய்த் திறந்துவிட்டால் தலையை மட்டும் நீட்டி மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ஐந்து நிமிடத்தில் மறுபடி கத்தும், அதற்குள் மழை நின்றிருக்கும் என்ற நம்பிக்கையில். ஊரில் பாட்டி வீட்டுப் பூனைக்கு யாரும் கதவு வைத்துத் தரவில்லை. ஓட்டுச் சந்தில் வரும், ஜன்னல் கம்பி வழியாகப் போகும். இங்கே குளிருக்குப் பயந்து ஊசி நுழைய இடமில்லாமல் அடைத்துவைத்த வீடு. அதில் பூனைக்கு வழி என்றால் காசுதான்.

ஃப்ளாப்பை நானே வாங்கிவிட்டேன், 85 பவுண்டு. சிப்பைப் படித்துத் திறக்கும் வகை. இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் வீட்டுப் பூனைக்கு 20 வாரம் ஆவதற்குள் மைக்ரோசிப் வைத்துவிட வேண்டும், வைக்காவிட்டால் 500 பவுண்டு வரை அபராதம் வரலாம். மிளகுக்குக் காப்பகத்திலேயே வைத்துவிட்டார்கள். பிடரித் தோலுக்கு அடியில் அரிசி மணி அளவுக்கு ஒன்று, அதில் 15 இலக்க எண். பூனை தலையை உள்ளே விட்டதும் ஃப்ளாப் அந்த எண்ணைப் படிக்கும், தெரிந்த எண்ணாக இருந்தால் தாழ்ப்பாள் விலகும். வேறு பூனை முட்டினால் அசையாது. இது எங்களுக்கு அவசியமாக இருந்தது. தெருவில் ஒரு செம்பட்டைக் கடுவன் சுற்றுகிறது. அது யார் வீட்டுப் பூனை என்று யாருக்கும் தெரியாது. எந்த வீட்டில் எப்போது பூனைக்குச் சோறு வைப்பார்கள் என்று அதற்குத் தெரியும்.

பிரச்சினை கதவில் இருந்தது. எங்கள் பின்கதவு சட்டத்தைத் தவிர முழுக்கக் கண்ணாடி, டபுள் க்ளேசிங், அதாவது நடுவில் இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி. மரக்கதவாக இருந்தால் ரம்பத்தை வைத்து அறுத்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். கண்ணாடியை அப்படித் தொட முடியாது. கதவில் இருப்பது டஃபன்ட் கண்ணாடி, நன்றாகச் சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்துப் பதப்படுத்தியது. அதில் பிறகு ஒரு துளை போட்டாலும் மொத்தக் கண்ணாடியும் கல்கண்டு போலப் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். அதனால் ஓட்டையோடு சேர்த்துப் புதிதாகத்தான் செய்து வாங்க வேண்டும். முதலில் வட்டத்தை வெட்டி, அதற்குப் பிறகு பதப்படுத்தி, இரண்டு கண்ணாடிக்கும் நடுவே நாலு ஓரத்திலும் வட்டத்தைச் சுற்றியும் ஸ்பேசர் என்கிற இடைவெளிப் பட்டையை வைத்துக் காற்றுப் புகாமல் ஒரே யூனிட்டாக அடைத்து அனுப்புவார்கள். இவ்வளவும் இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, கண்ணாடிக்காரர் யாரையாவது கூப்பிட வேண்டும் என்பது மட்டும்.

விளம்பரம் பார்த்துக் கூப்பிட்டேன். சனிக்கிழமை காலை வந்தார். பேச்சு நல்ல பேச்சு. 15 வருட அனுபவம், இந்த ஏரியாவில் பாதி வீட்டுப் பூனைகளுக்கு நான்தான் கதவு வைத்தேன் என்றார். டேப்பை இரண்டு தரம் நீட்டினார், கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டார். 320 பவுண்டு, கண்ணாடி ஆர்டர் செய்ய 200 முன்பணம். கார்டு மெஷின் ரிப்பேராம், வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடச் சொன்னார். "ஏங்க, கார்டுல குடுக்க முடியாதான்னு கேளுங்களேன்" என்று மனைவி சமையலறையிலிருந்து தமிழில் சொன்னாள். சின்னதாகத் தொழில் செய்கிற ஆள், பாவம், என்று நான் பெரிய மனுஷத்தனமாக அங்கேயே நின்று அனுப்பிவிட்டேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று மட்டும் மனதுக்குள் ஓடியது.

இரண்டு வாரம் என்றது ஐந்து வாரம் ஆனது. அதைப் பெரிதாகச் சொல்லவில்லை, இங்கே யார் சொன்ன நாளில் வருகிறார்கள்.

வந்த அன்று வேலை நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. ஓரத்துப் பட்டைகளை நெம்பி எடுத்தார், பழைய கண்ணாடியை அப்படியே தூக்கி வேனில் வைத்தார், புதியதை நிறுத்தி ஃப்ளாப்பை மாட்டினார். பழைய யூனிட்டை வைத்துவிட்டுப் போகலாமே என்று கேட்டேன். அது குப்பை, தூக்கிப்போட நீங்கள் ஏன் அலைய வேண்டும், நானே போட்டுவிடுகிறேன் என்றார். நான் நன்றி வேறு சொன்னேன். வேலை முடிந்ததும் போனை எடுத்துப் படம் பிடித்தார். கதவை ஒட்டி எங்கள் கறிவேப்பிலைத் தொட்டி இருந்தது, குளிர்காலம் வந்தால் அதை உள்ளே கொண்டுவந்துவிடுவோம். நகர்த்தட்டுமா என்றேன். வேண்டாம், படத்துக்கு அழகாக இருக்கிறது என்றார். மீதி 120 பவுண்டையும் அனுப்பினேன்.

போகும்போது ஃப்ளாப்பில் ஒரு பொத்தானை அழுத்தி, பூனையை ஒருதரம் உள்ளே வரவிடுங்கள், பழகிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். அதற்கப்புறம் எந்தப் பூனை முதலில் தலையை விடுகிறதோ அதன் எண்ணை வீட்டுப் பூனை என்று பதிந்துகொள்ளும். மிளகோ வேலைச் சத்தத்துக்குப் பயந்து மாடியில் கட்டிலுக்கடியில் போய்விட்டது, ராத்திரி முழுக்க இறங்கவில்லை. காலையில் நான் காபி போட வந்தபோது செம்பட்டைக் கடுவன் மிளகின் கிண்ணத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தது. இவன் யார் நம் வீட்டில் என்கிற பார்வை. பிறகு நிதானமாக சோபாவின் காலில் நனைத்துவிட்டு ஃப்ளாப் வழியாகவே வெளியேறியது. எங்கள் மாடலில் உள்ளே வரத்தான் சிப் பார்க்கும், வெளியே யாரும் போகலாம். இதில் பாதித் தப்பு என்னுடையது, கையேட்டைப் படித்திருக்க வேண்டும். அதே பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்து எல்லாவற்றையும் அழித்து, மிளகைத் தூக்கிவந்து தலையை விடவைத்துப் புதிதாகப் பதிந்தேன். அதோடு கடுவன் பிரச்சினை தீர்ந்தது.

சிரிக்கிற கதை அதோடு முடிந்தது.

மூன்றாவது வாரம் ஃப்ளாப்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தது, ஈர விபூதியைக் குழைத்துப் பூசியது போல. உள்ளே இருந்து துடைத்தேன், போகவில்லை. வெளியே போய்த் துடைத்தேன், போகவில்லை. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஈரம். நாளுக்கு நாள் அகலமாகி, டிசம்பரில் தோட்டமே தெரியாமல் போய், கீழ் ஓரத்தில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தேங்கி நின்றது. அவருக்குப் படம் அனுப்பினேன். குளிர்காலத்தில் எல்லார் வீட்டிலும் இப்படித்தான் என்று பதில் வந்தது. அது பாதி உண்மை, அதனால்தான் நானும் கொஞ்ச நாள் நம்பினேன். அறைக்குள் இருக்கும் பக்கத்தில் ஈரம் பூப்பது சமையல் ஆவியால், காய்கிற துணியால். வெளிப்பக்கத்தில் விடிகாலையில் பனி படிவதும் சாதாரணம். நடுவில் ஈரம் வந்தால் அடைப்பு போய்விட்டது என்று அர்த்தம், அதற்கு வேறு விளக்கம் கிடையாது. இரண்டாவது செய்திக்கு இரண்டு நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை.

எதிர்வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். இங்கே வந்து முப்பது வருடம் ஆகிறது. கதவைப் பார்த்துவிட்டு முதல் கேள்வியே "முழுக்காசையும் குடுத்திட்டீரோ தம்பி?" என்பதுதான். நான் பேசாமல் நின்றதில் அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. "எங்கட யன்னல் எல்லாம் செய்த ஆள் ஒருத்தர் இருக்கிறார், நம்பர் தாறன்" என்றார்.

அந்தப் பெரியவர் வந்து ஈரத்தைப் பார்க்கவேயில்லை. குந்தி உட்கார்ந்து டார்ச்சை அடித்து நாலு மூலையையும் பார்த்தார். முத்திரை எங்கே என்று கேட்டார். டஃபன்ட் கண்ணாடி என்றால் ஒரு மூலையில் அழிக்க முடியாதபடி சின்னதாக முத்திரை இருக்கும். பிஎஸ் ஈஎன் 12150 என்கிற தர எண் அதில் இருக்கும், கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் படிக்கலாம். எங்கள் புதுக் கண்ணாடியில் ஒரு மூலையிலும் இல்லை. சாதாரண ஜன்னல் கண்ணாடியில் வட்டம் வெட்டி மாட்டியிருக்கிறார். கதவில் தரையிலிருந்து 1500 மில்லிமீட்டர் உயரம் வரை இருக்கும் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும் என்று இங்கே கட்டட விதி இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் பொடியாகக் கொட்டாது, நீள நீளமாகக் கத்தி போல நிற்கும். எங்கள் மகளுக்கு நாலு வயது. தோட்டத்தில் மிளகைத் தேடும்போதெல்லாம் ஓடிவந்து அந்தக் கதவில் இரண்டு கையையும் நெற்றியையும் ஒட்டிவைத்துத்தான் பார்ப்பாள். துடைக்கத் துடைக்க அந்த உயரத்தில் கைரேகை இருந்துகொண்டே இருக்கும். பெரியவர் அந்தக் கைரேகையையும் ஒருதரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. காசு போனதுகூட எனக்கு அவ்வளவு உறைக்கவில்லை.

பிறகு ஃப்ளாப்பின் சட்டத்தைக் கழற்றிக் காட்டினார். வட்டத்தைச் சுற்றி ஸ்பேசர் வளையம் இல்லை. வெறும் சிலிக்கான் பசையை விரலால் இழுத்துத் தேய்த்து மூடியிருந்தது, விரல் தடம் அப்படியே காய்ந்திருந்தது. ஈரம் வந்தது அந்த வழியாகத்தான். அடுத்து அவர் கேட்டது பழைய யூனிட் எங்கே என்று. அது நல்ல யூனிட்டாம், இருந்திருந்தால் அன்றைக்கே எடுத்து மாட்டியிருப்பாராம். வீடு மாறும்போது ஓட்டைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போட்டுவிட்டுப் போகலாம் என்பதற்காகவே எல்லாரும் அதைக் கொட்டகையில் பத்திரமாக வைத்திருப்பார்களாம். நான் நன்றி சொல்லி வேனில் ஏற்றி அனுப்பிவைத்ததை அவரிடம் சொல்லவில்லை.

பணத்தைத் திரும்ப வாங்க முயன்றதையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பச் செய்து தரவோ விலையைக் குறைக்கவோ கேட்கலாம். கேட்க ஆள் வேண்டுமே. வங்கிக்குப் போனேன். 2024 அக்டோபர் 7 முதல் ஏமாந்து அனுப்பிய பணத்தை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ஆனால் ஒருவர் உண்மையில் வந்து வேலை செய்து அந்த வேலை மோசமாக இருந்தால் அது மோசடியில் சேராது, உங்களுக்கும் அவருக்கும் உள்ள தகராறு என்று கையை விரித்துவிட்டார்கள். முன்பணத்தை மட்டுமாவது கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால் கதை வேறு. விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 வரை என்றால் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில் கார்டு கம்பெனியும் பொறுப்பு. மனைவி அதை இன்னும் ஒருதரம்கூடச் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சின்னத் தொகைக்கான வழக்கு போடலாம் என்று முதலில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினேன். திரும்பி வந்தது. பில்லில் இருந்த முகவரிக்கு நேரிலேயே போனேன், அது டயர் கடை. உள்ளே இருந்த பையன் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "ஜன்னல்காரரா? நீங்கள் மூன்றாவது ஆள்" என்றான்.

கடைசியில் பெரியவரிடமே வேலையைக் கொடுத்தோம், 290 பவுண்டு. எழுதிக் கொடுத்த விலைப்பட்டியலில் டஃபன்ட் என்ற சொல், யூனிட்டின் அளவு, ஃப்ளாப்பின் மாடல் எல்லாம் இருந்தது. மிளகை நிற்கவைத்துத் தரையிலிருந்து வயிறு எவ்வளவு உயரம் என்று அளந்தார். முதல் ஆள் பூனையைப் பார்க்கவேயில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெளியே ஒரு படி இறக்கம் இருப்பதையும் இவர்தான் கவனித்தார். உள்ளே இருந்து பார்த்தால் சரியான உயரம், வெளியே இருந்து வரும் பூனைக்கு அது ஒரு தாவல். ஒரு கல்லைப் போட்டுச் சரிசெய்தார். பணம் வேலை முடிந்து நான் முத்திரையைப் பார்த்த பிறகு, கார்டில். வாடகை வீடென்றால் முதலில் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள் என்றும் சொன்னார். ஃப்ளாட்டின் முன்கதவு என்றால் அந்த எண்ணத்தையே விட்டுவிட வேண்டுமாம், அவை பெரும்பாலும் தீத்தடுப்புக் கதவுகள், ஓட்டை போட்டால் அந்தத் தடுப்பு போய்விடும்.

போன வாரம் நண்பர் ஒருவர் ஒரு விளம்பரத்தை அனுப்பி, ஆள் எப்படி, கேட் ஃப்ளாப் வைக்கக் கூப்பிடலாமா என்று கேட்டிருந்தார். கம்பெனிப் பெயர் வேறு, போன் நம்பர் வேறு. மேலே பெரிதாக ஒரு படம்: கண்ணாடிக் கதவில் பளிச்சென்று புது ஃப்ளாப், பக்கத்தில் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டி.