அரை நொடி தாமதமாக வரும் மோட்டார்

போன வாரம் தோழி ஒருத்தி கேட்டாள்: "அப்பாவுக்கு 66 வயது. கடலோர நகரைச் சுற்றிக் காட்டும் அந்த மின்சைக்கிள் பயணத்துக்கு அவரை அழைத்துப் போகலாமா? நீதான் பலமுறை போயிருக்கிறாயே." போகலாம் என்ற சொல் நுனிநாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. இரண்டு நாள் பொறு, எழுதித் தருகிறேன் என்றேன். அவளுக்காக எழுதத் தொடங்கியது இப்படி நீண்டுவிட்டது.

நான்கு ஆண்டுகளில் ஒரே நகரில், ஒரே நிறுவனம் நடத்தும் ஒரே சுற்றில் ஐந்து முறை போயிருக்கிறேன். மூன்று முறை அம்மாவும் உடன் வந்தார். மூன்று மணி நேரம், ஏறக்குறைய 22 கிலோமீட்டர். துறைமுகத்தில் தொடங்கி, பழைய தெருக்கள் வழியாகக் கலங்கரை விளக்கக் குன்றில் ஏறி, கடற்கரைப் பாதையில் இறங்கி, அலைதடுப்புச் சுவரின் முனை வரை போய்த் திரும்ப வேண்டும். முன்னால் வழிகாட்டி, பின்னால் எட்டு அல்லது ஒன்பது பேர். ஹெல்மெட், இருக்கை உயரம், புறப்படும் முன் பத்து நிமிடப் பயிற்சி எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். பேட்டரி நடுவழியில் தீர்ந்துவிடுமோ என்று பலர் கேட்கிறார்கள். ஐந்து முறையில் ஒருமுறையும் தீரவில்லை. குன்றில் ஏறும்போது திரையில் இரண்டு கோடுகள் சட்டென்று மறையும். உச்சிக்குப் போனதும் திரும்பி வரும். மோட்டார் அதிக மின்சாரத்தை இழுக்கும் நேரத்தில் பேட்டரியின் வோல்டேஜ் சற்றுத் தாழ்வதுதான் காரணம். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

நான் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி.

பெடலை மிதிக்கிறேன், ஒன்றும் நடப்பதில்லை. கால் பாதிச் சுற்று போன பிறகு, பின்னாலிருந்து ஒரு தள்ளு. மிதிப்பதை நிறுத்துகிறேன், அப்போதும் தள்ளல் நிற்பதில்லை, இன்னும் அரை நொடி தொடர்கிறது. முதல் முறை இதை என் பழக்கக் குறைவு என்றே நினைத்தேன். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வேறு வேறு வண்டிகள் கிடைத்தன. அதே அரை நொடி எல்லாவற்றிலும் இருந்தது. அதன்பிறகுதான் விசாரிக்கத் தொடங்கினேன்.

மின்சைக்கிளின் மோட்டாருக்கு நம் காலின் செய்தி போய்ச் சேரும் வழி இரண்டு வகைப்படும். ஒரு வகையில், பெடலை அழுத்தும் விசையையே ஒரு சென்சார் அளக்கிறது. அழுத்திய கணமே உதவி வரும்; மெல்ல அழுத்தினால் மெல்ல வரும், ஊன்றி மிதித்தால் பலமாக வரும். இன்னொரு வகையில், பெடல் அச்சில் சிறிய வட்டத் தகடு ஒன்று இருக்கும். அதில் சில காந்தங்கள், எதிரே அவற்றை எண்ணும் சென்சார். பெடல் சுழல்கிறதா இல்லையா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். எவ்வளவு பலத்தோடு மிதிக்கிறோம் என்பது தெரியவே தெரியாது. தகட்டில் 12 காந்தங்கள் இருந்தால் 30 பாகைக்கு ஒன்று வீதம் சென்சாரைக் கடக்கும். ஐந்துதான் இருந்தால் 72 பாகைக்கு ஒன்று. ஓரிரு காந்தங்களாவது கடந்த பிறகே மோட்டார் விழிக்கும். நிறுத்தும்போதும் அப்படித்தான்: அடுத்த காந்தம் வருகிறதா என்று சற்றுக் காத்திருந்து, வரவில்லை என்றான பிறகே அது ஓயும். அந்தக் காத்திருப்புதான் என் அரை நொடி. இந்த நிறுவனத்தின் வண்டிகள் அத்தனையும் இரண்டாம் வகை.

அரை நொடியில் என்ன இருக்கிறது என்று தோழி கேட்கக்கூடும். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 5 மீட்டர். அரை நொடிக்கு இரண்டரை மீட்டர். ஒரு சைக்கிளின் நீளத்தைவிட அது அதிகம். பிரேக் பிடியைத் தொட்டால் மோட்டார் அணைந்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கான சுவிட்ச் பிடியிலேயே இருக்கிறது, அது ஒழுங்காக வேலையும் செய்கிறது. ஆனால் சைக்கிள் ஓட்டிப் பழகிய எவரும் வேகத்தைக் குறைக்க முதலில் செய்வது மிதிப்பதை நிறுத்துவதுதான். நாற்பது ஆண்டுகளாகக் காலில் ஊறிய பழக்கம் பத்து நிமிடப் பயிற்சியில் மாறிவிடாது.

தனியாக ஓட்டினால் இதை ஒருவாறு சமாளித்துவிடலாம். வரிசையில் ஓட்டும்போதுதான் அந்த அரை நொடி பெருகுகிறது. வழிகாட்டி புறப்படுகிறார். இரண்டாமவர் அதைப் பார்த்து மிதிக்கிறார். அவருடைய மோட்டார் சற்றுப் பொறுத்துத்தான் இழுக்கிறது. மூன்றாமவர் இரண்டாமவரைப் பார்த்து மிதிக்கிறார். இப்படியே ஒன்பதாமவர் அசையும்போது வழிகாட்டி தெருமுனையைத் தாண்டியிருப்பார். கடைசியில் வருபவர் விரட்டிக்கொண்டு போக வேண்டும். போய்ச் சேரும்போது முன்னாலிருப்பவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். மோட்டார் அரை நொடி கூடுதலாகத் தள்ளும். பதறிப் பிரேக் பிடிக்க வேண்டும். மூன்று மணி நேரமும் இதுதான். முன்னால் போகிறவர் நகரத்தைப் பார்க்கிறார். பின்னால் வருகிறவர் முன்சக்கரத்துக்கும் அடுத்தவரின் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்கிறார்.

நான் நான்கு முறை கடைசியில்தான் போனேன். கலங்கரை விளக்கத்தின் அடியில் வழிகாட்டி சொல்லும் கதையின் தொடக்கத்தை அந்த நான்கு முறையும் நான் கேட்கவில்லை. ஐந்தாம் முறை அவருக்கு அடுத்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்றுதான் முழுதும் கேட்டேன். பழைய விளக்குகளின் ஒளி நாலாபுறமும் சிதறி வீணாகிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனெல் கண்ணாடி வளையங்களைப் படிப்படியாக அடுக்கி, சிதறும் ஒளியை ஒரே திசையில் மடக்கி அனுப்பினார். அவருடைய வில்லை 1823ல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதன்முதலாக ஏற்றப்பட்டது. விளக்கு மின்னும் இடைவெளி இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதையும், இருட்டில் வரும் மாலுமி நொடிகளை எண்ணித் தான் எந்தக் கரைக்கு அருகே இருக்கிறார் என்று அறிவார் என்பதையும் அன்றுதான் வழிகாட்டியின் வாயால் கேட்டேன். எவ்வளவு அழகாகச் சொல்கிறார்! நான்கு முறை பணம் கட்டியும் இது என் காதில் விழவில்லையே என்று அங்கேயே எனக்குத் தொண்டை அடைத்தது. அவர்மேல் குறையில்லை. எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருக்க அவர் முயல்கிறார். ஆனால் அடுத்த குழு கீழே ஏறத் தொடங்கியிருக்கும்; அவரும் என்ன செய்வார்?

தண்டவாளங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய சாலையில் பழைய சரக்கு ரயில் தண்டவாளங்கள் தரையோடு தரையாகப் பதிந்திருக்கின்றன. அவற்றைக் கூடியவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் தண்டவாளத்தின் பள்ளத்தில் முன்சக்கரம் சிக்கிக்கொள்ளும். அதற்காக மிதிப்பதை நிறுத்தி, ஹேண்டில்பாரைத் திருப்புகிறோம். திருப்பி முடிக்கும் முன்பே, பழைய கோணத்தில் இருக்கும்போதே, அந்த அரை நொடித் தள்ளல் நம்மைத் தண்டவாளத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இதைப் பயிற்சியின்போது சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். ஐந்து முறையும் ஒருவரும் சொல்லவில்லை.

இவ்வளவு குறையையும் வைத்துக்கொண்டு ஏன் ஐந்து முறை போனேன்? காற்றுக்காக. வெயில் ஏறினால் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. பிற்பகலில் அது உச்சத்தில் இருக்கும். அலைதடுப்புச் சுவரின் முனையை நோக்கிப் போகும்போது அது நேரே முகத்தில் அறைகிறது. நாம் 18 கிலோமீட்டர் வேகத்தில் போக, எதிர்க்காற்றும் 18 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், உடம்பில் மோதுவது 36 கிலோமீட்டர் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். சாதாரண சைக்கிளில் அந்தப் பாதையில் ஒருமுறை போயிருக்கிறேன். குனிந்த தலை நிமிரவில்லை. கடலைப் பார்த்த நினைவே இல்லை.

மின்சைக்கிளில் அந்தக் காற்று காதில் இரையும், சட்டையைப் பிடித்து உலுக்கும், ஆனால் காலைத் தொடாது. நிமிர்ந்து உட்கார்ந்து இருபுறமும் கடலைப் பார்த்தபடி போகலாம். முதல் முறை அம்மா அங்கே எனக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். அவர் சைக்கிளைத் தொட்டு முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. நடக்கும்போது எப்போதும் நான் இரண்டடி முன்னால், அவர் இரண்டடி பின்னால். "மெதுவா போயேன்" என்பது எங்கள் இருவருக்கும் பழகிப்போன வாக்கியம். அன்று அந்த வாக்கியம் வரவில்லை. என் காலுக்கும் அவர் காலுக்கும் இருந்த வித்தியாசத்தை மோட்டார் நிரப்பிவிட்டது. முனை வரை ஒரே வேகத்தில், தோளோடு தோள் சேர்ந்தாற்போல் பேசிக்கொண்டே போனோம். தாம் பள்ளிக்குச் சைக்கிளில் போன பாதையைப் பற்றி அம்மா என்னிடம் பேசியது அன்றுதான் முதல் முறை. அதற்காக இந்தச் சுற்றுக்கு நான் வாழ்நாள் முழுவதும் நன்றி சொல்வேன்.

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். காந்தம் எண்ணும் வகைக்கும் ஒரு நன்மை உண்டு. பலமாக அழுத்த வேண்டியதில்லை. பெடலைச் சும்மா சுழற்றினாலே முழு உதவி கிடைக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது பெரிய ஆறுதல். குன்றின் மேட்டில் அம்மா மூச்சு வாங்காமல் ஏறியது அதனால்தான்.

ஆனால் அதே அம்மாதான் கடைசிப் பயணத்தில், அலைதடுப்புச் சுவரின் முனையில் விழுந்தார். அங்கே பாதை குறுகலானது; வண்டியை அரைவட்டமாக வளைத்துத் திருப்ப வேண்டும். நடை வேகத்தில் வளைத்துக்கொண்டே சமநிலைக்காக அம்மா ஒரு மிதி மிதித்தார். கால் நின்ற பிறகு மோட்டார் தள்ளியது. 24 கிலோ வண்டி ஓரக் கல்லில் இடித்துச் சாய்ந்தது. முழங்காலில் சிராய்ப்பு, உள்ளங்கையில் வீக்கம். பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மா உடனே எழுந்து, "நான்தான் சரியாத் திருப்பல" என்றார். அந்த வாக்கியம்தான் என்னைச் சுட்டது. அவர் சரியாகத்தான் திருப்பினார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கற்றபடி, பிசகில்லாமல் திருப்பினார். வண்டிதான் அவர் காலின் பேச்சைக் கேட்கவில்லை.

திரும்பியதும் பட்டறையில் இருந்த மெக்கானிக்கிடம் அந்த வண்டியைக் காட்டினேன். பொறுமையானவர். உறையைக் கழற்றிக் காந்தத் தகட்டைக் காட்டினார். ஒரு காந்தம் துருவேறி உதிர்ந்து, அதன் குழி மட்டும் இருந்தது. கடலோர வண்டிகளில் உப்பு எதையும் விடுவதில்லை. அது ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, செயினும் கேபிளும் திருகுகளும் எப்போதும் நனைந்தபடியே துருப்பிடிக்கின்றன. மாலையில் எல்லா வண்டிகளையும் அழுத்தக் குழாயில் பீய்ச்சியடித்துக் கழுவுவதையும் அன்று பார்த்தேன். உப்பு போகட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அந்த வேகம் உப்புநீரை பேரிங்குக்குள்ளும் மின் இணைப்புகளுக்குள்ளும் செலுத்திவிடும். சாதாரண நீரைச் சாய்த்துக் கழுவித் துடைத்தால் போதும். மெக்கானிக்கும் அதைத்தான் சொன்னார். தம் சொல் அங்கே எடுபடவில்லை என்றார்.

நிறுவனத்திடம் கேட்டபோது, அழுத்தம் அளக்கும் சென்சார் உள்ள வண்டிகள் விலை கூடுதல், பழுதுபார்ப்பும் கடினம் என்றார்கள். உண்மைதான். ஆனால் 1993ல் யமஹா ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பாஸ்' மின்சைக்கிளே காலின் அழுத்தத்தை அளந்துதான் உதவியது. அவ்வளவு காலமாகக் கையில் இருக்கும் தீர்வு. முதல் முறை ஓட்டுபவர்களையும் வயதானவர்களையும் வரிசையில் நிறுத்தி அழைத்துப் போகும் ஒரு தொழிலில், அதை வாங்காமல் இருக்க விலை ஒரு காரணமாக இருக்கக் கூடாது. இருக்கும் வண்டிகளில் காந்தத் தகட்டையாவது மாதம் ஒருமுறை பார்க்கலாம். அதற்குப் பெரிய செலவு இல்லை.

தோழிக்கு நான் எழுதியது இது. வேறு எங்காவது முன்பதிவு செய்வதாக இருந்தால், புறப்படும் முன் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் பெடலைக் கையால் மெல்லச் சுழற்றிப் பார். விசையே கொடுக்காமல் சக்கரம் வேகமெடுத்து ஓடினால் அது காந்தம் எண்ணும் வகை. அதுதான் கிடைக்கும் என்றால், உதவியை மிகக் குறைந்த அளவில் வைத்து, வளைவுகளில் பிரேக் பிடியில் விரல் வைத்து ஓட்டும்படி அப்பாவிடம் முதலிலேயே சொல். வழிகாட்டிக்கு அடுத்த இடத்தை அவருக்குக் கேட்டு வாங்கு.

இந்த நகரத்தில், இந்த நிறுவனத்தோடு என்றால் என் பதில்: வேண்டாம். வழிகாட்டி அருமையானவர், பாதை அருமையானது, அந்தக் காற்றுப் பாதையைப் போல ஒன்றை நான் வேறெங்கும் அனுபவித்ததில்லை. இருந்தும் வேண்டாம். அம்மாவின் உள்ளங்கை வீக்கம் வடிய ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் அவர், தமக்கு வயதாகிவிட்டது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். உதிர்ந்த காந்தத்தின் குழியை நான் கைபேசியில் படம் எடுத்து வந்து அவரிடம் காட்டியிருக்கிறேன். அவர் இன்னும் நம்பவில்லை.