லேமினேட் தரை: ஐப்பசியில் புடைக்கும், சித்திரையில் படுக்கும்

ரிப்பேர் முடித்துவிட்டு ஆள் இப்போதுதான் கிளம்பினார். "உங்க வீட்டுல எப்படி இருக்கு, போடலாமா?" என்று கேட்டிருந்த நண்பருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சூடு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் பழைய ஃபிளாட், மொசைக் தரைக்கு மேலேயே 8 மி.மீ. லேமினேட் பலகை, தேய்மானம் தாங்குவதில் ஏசி4 தரம். பொருளைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சக்கர நாற்காலி உருண்டும் கீறல் இல்லை. மார்கழி காலையில் கால் வைத்தால் சில்லிடாது. அம்மா பூ கட்ட உட்காருவதே இந்த அறையில்தான்.

ஆனால் அந்தக் கதவோரம்! மழை பிடித்ததும் புடைத்துக்கொள்ளும். மிதித்தால் 'டொக்' என்று அமுங்கும், காலை எடுத்தால் எழும்பும், கதவு அடியில் உரசும். வெயில் வந்தால் ஒன்றுமே தெரியாத மாதிரி படுத்துவிடும்.

பலகையின் உள்ளே இருப்பது அழுத்திய மர நார். காற்றில் ஈரம் ஏறினால் விரியத்தான் செய்யும். தரையோடு ஒட்டாமல் ஃபோம் ஷீட் மேல் மிதக்கவிடுவது அதற்காகத்தான். சுற்றிலும் சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. விட்டு, அதை ஸ்கர்ட்டிங்கால், அதாவது சுவரடிப் பட்டியால், மறைக்க வேண்டும். போட்டவரோ, "கேப் விட்டா எறும்பு வரும் சார்" என்று சுவரோடு முட்ட வைத்து அடித்திருக்கிறார். பெட்டியை அறையிலேயே 48 மணி நேரம் வைத்திருந்துவிட்டுப் பிரிக்கச் சொல்லி அட்டையில் போட்டிருந்தது. லாரியிலிருந்து இறங்கிய கையோடு பிரித்துவிட்டார்.

இன்று ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி ஓரத்தை அறுத்தும் புடைப்பு பாதிதான் இறங்கியது. மீதி எங்கே என்று தேடினால், கதவை நிறுத்தும் காந்த ஸ்டாப்பர்! பலகையைத் துளைத்து மொசைக் வரை ஸ்க்ரூ இறக்கியிருந்தார்கள். மிதக்க வேண்டிய தரையை ஒரே ஒரு ஸ்க்ரூ இழுத்துப் பிடித்திருக்கிறது. அதுவும் போட்டவரே "ஃப்ரீயா" செய்து கொடுத்தது. ஸ்டாப்பர் இப்போது சுவருக்குப் போய்விட்டது. வாசற்படியில் பலகையை வெட்டி, நடுவில் அந்த இடைவெளியை மூடும் டி-ப்ரொஃபைல் பட்டியும் வைத்தாயிற்று. தரை படுத்துவிட்டது.

சொட்டச் சொட்ட மாப் போட்டதில் விளிம்பு ஊதிய பலகைகள் மட்டும் அப்படியேதான் இருக்கும். அந்த ஊதல் இறங்காது, மாற்றத்தான் வேண்டும்.

மார்க் கேட்டால் பொருளுக்குப் பத்துக்கு எட்டு கொடுப்பேன். ஹாலுக்கும் இதையே போடலாம் என்கிறார் மனைவி. நான் டைல்ஸ் கடைக்குத்தான் போகப்போகிறேன்.