நான்கு காலிப் பெட்டிகளின் எடை

மகளின் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் சென்ற ஆண்டு அக்டோபரில் நியூஜெர்சிக்குச் சென்று, ஐந்தரை மாதம் தங்கிவிட்டு, பங்குனியில் திருச்சிக்குத் திரும்பினோம். அந்தப் பயணத்துக்கென்று வாங்கிய நான்கு பெரிய பெட்டிகள், ஒரு தொங்கு தராசு, மற்றும் சில சில்லறைப் பொருள்கள் பற்றியது இந்த மதிப்புரை. வாங்கிய மறுநாளே எழுதப்படும் மதிப்புரைகளில் பெட்டியின் நிறமும் பளபளப்பும்தான் தெரியவருகின்றன என்பதால், இரண்டு முறை கடல் தாண்டி, மொத்தம் நான்கு விமானங்களின் வயிற்றுக்குள் போய் வந்த பிறகே இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்களிடம் ஏற்கெனவே நான்கு பெட்டிகள் இருந்தன. பிள்ளைகள் கல்லூரி விடுதிக்குக் கொண்டுபோனவை. பரணில் ஏறியும் இறங்கியும் பல வருடம் உழைத்தவை. அவற்றையே கொண்டுபோகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் பயணச்சீட்டில் ஒருவருக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ வரை என்று அனுமதி இருந்தது. ஆக இரண்டு பேருக்கும் சேர்த்து 92 கிலோ. கேட்பதற்குப் பெரிய எண்ணாகத்தான் தோன்றியது. மளிகைக் கடை அண்ணாச்சியின் மின்னணுத் தராசில் பழைய பெட்டி ஒன்றைக் காலியாக வைத்துப் பார்த்தபோது 5.8 கிலோ காட்டியது. நான்கும் ஒரே அச்சு. நான்கையும் கூட்டினால் 23.2 கிலோ. அதாவது நான்கு பெட்டிகளில் ஒன்று, மற்ற மூன்றையும் தன்னையும் சுமப்பதற்காக மட்டுமே விமானம் ஏறப்போகிறது என்று பொருள். பெட்டியின் விலைச்சீட்டில் எழுதியிருக்கும் ரூபாயைக் காட்டிலும் அதன் காலி எடைதான் உண்மையான விலை என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியது. அதன் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் அந்த ஒரு கேள்வியோடுதான் போனேன்.

கேள்வியோடு போனேனே தவிர, பதில் எளிதில் கிடைக்கவில்லை. மெயின்கார்டு கேட் பக்கத்தில் பார்த்த முதல் கடையில் விற்பனையாளர் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினார். பளிங்குத் தரையில் அவை அன்னம் போல நகர்ந்தன. நான் ஒன்றைத் தூக்கிப் பார்த்ததும், “சார், தூக்கிப் பாக்காதீங்க, உருட்டிப் பாருங்க. இந்தக் காலத்துல யார் பெட்டியைத் தூக்குறாங்க?” என்றார். ரயில் ஏறும்போதும், வாடகைக் காரின் பின்பக்கத்தில் வைக்கும்போதும், விமான நிலையத்தில் சுழலும் பட்டையிலிருந்து இறக்கும்போதும் நாம்தான் தூக்குகிறோம் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் வந்துவிட்டேன். என்.எஸ்.பி. சாலையில் நுழைந்த இரண்டாவது கடை சிறியது, பழைய கடை. நான் பையிலிருந்து தொங்கு தராசை எடுத்ததும் அதன் உரிமையாளர் முதலில் சிரித்தார். பிறகு அவரே ஒவ்வொரு பெட்டியாக மாட்டித் தூக்கிக் காட்டத் தொடங்கினார். 4.3 கிலோ என்று அட்டை தொங்கிய ஒரு பெட்டி 4.9 காட்டியபோது எங்கள் இருவருக்குமே வியப்பு. உள்ளே இருந்த தடுப்புத் துணி, வார், வெளியுறை ஆகியவற்றைச் சேர்க்காமல் அந்த எண்ணைப் போட்டிருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். அடுத்த வாடிக்கையாளருக்காகத் தானும் ஒரு தராசு வாங்கி மாட்டிவிடப் போவதாகச் சொன்னார்.

எடைக்கு அடுத்தது அளவு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விமானத்தில் ஏற்ற ஒப்படைக்கும் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது பெரும்பாலான நிறுவனங்களின் விதி. 62 அங்குலம் என்று சொல்வதும் இதைத்தான். கடையில் “28 இஞ்ச்” என்று சொல்லப்படுவது உயரம் மட்டுமே. அந்த அளவுப் பெட்டி ஒன்றைத் தையல் நாடாவால் சக்கரத்தின் அடியிலிருந்து கைப்பிடியின் தலை வரை அளந்தால் 78, குறுக்கே 52, தடிமன் 32 என்று வந்தது, கூட்டினால் 162. சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்துத்தான் அளப்பார்கள் என்பதைக் கடைக்காரர்கள் தாமாகச் சொல்வதில்லை. நான்கு சென்டிமீட்டருக்காக எந்த விமான நிலையத்திலும் நாடாவை எடுக்கமாட்டார்கள் என்று வாதிடலாம். அளவு கடந்த பெட்டிக்கான கட்டணப் பட்டியலை ஒருமுறை படித்தவர்கள் வாதிடமாட்டார்கள்.

கடைசியில் இரண்டு வகையில் இரண்டிரண்டாக வாங்கினோம். திட்டமிட்ட ஒப்பீடு அன்று. கடையில் இருப்பு அவ்வளவுதான். முதல் இரண்டும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன கெட்டி ஓட்டுப் பெட்டிகள், நான்கு சக்கரம், ஒவ்வொன்றும் 3.9 கிலோ, விலை ரூ.6,200. மற்ற இரண்டும் பாலியெஸ்டர் துணிப் பெட்டிகள், பின்புறம் உள்ளடங்கிய இரண்டு பெரிய சக்கரங்கள், ஒவ்வொன்றும் 3.6 கிலோ, விலை ரூ.4,800. நான்கும் சேர்த்துச் சரியாக 15 கிலோ. பழைய பெட்டிகளோடு ஒப்பிட்டால் 8.2 கிலோ மிச்சம். அந்த 8.2 கிலோவில் என்னென்ன போயின என்பதை என் மனைவி இன்றைக்கும் ஒப்பிப்பாள்: அங்காயப் பொடி, சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், பிரசவ லேகியம், பேத்திக்குத் தூளிப் புடவை, அப்பளம், சாம்பார்ப் பொடி.

இரண்டு வகைகளில் எது மேல் என்று கேட்டால், கடையில் நின்றபோது கெட்டிப் பெட்டி என்று சொல்லியிருப்பேன். இப்போது துணிப் பெட்டி என்பேன். கெட்டிப் பெட்டி நடுவில் பிளந்து இரண்டு பாதியாகத் திறக்கிறது. திறந்து வைக்கத் தன் அளவைப் போல இரண்டு மடங்கு தரை வேண்டும். இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில், தொட்டிலும் பால் புட்டிகளும் நிறைந்த அறையில், இரவில் ஒரு சட்டையை எடுப்பதற்காக அப்படித் திறப்பது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. துணிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து பாதி இழுத்து, மூடியைத் தூக்கினால் போதும். வெளிப்புறப் பைகளும் உண்டு. நான்கு சக்கரம் விமான நிலையத்தின் வழவழப்பான தரையில் சுகமாக ஓடியது உண்மை. ஆனால் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் தாம்பரம் வரும் வரை அந்தக் கெட்டிப் பெட்டிகள் இரண்டும் தாமாக நடைபாதையில் ஓடத் தொடங்கியதால் இரவு முழுவதும் காலை முட்டுக் கொடுத்துப் படுத்திருந்தேன். நியூஜெர்சியில் உறைபனிக்காக உப்புத் தூவிய நடைபாதையில் அந்தச் சிறு சக்கரங்கள் உருள மறுத்தன. துணிப் பெட்டியின் இரட்டைச் சக்கரமோ திருச்சி ரயிலடிப் படிக்கட்டையும் பார்த்தது, மகள் வீட்டு வாசலின் சேற்றுப்பனியையும் பார்த்தது, இரண்டிலும் சளைக்கவில்லை.

துணிப் பெட்டியிடம் குறையில்லை என்று சொல்லமாட்டேன். அதன் நடுவில் விரிவாக்கத்துக்கென்று ஒரு கூடுதல் ஜிப் இருக்கிறது. அதைத் திறந்தால் பெட்டி ஐந்து சென்டிமீட்டர் பருத்து, 156 ஆக இருந்த கூட்டளவு 161 ஆகிவிடும். திரும்பி வரும்போது மனைவிக்குத் தெரியாமல் அந்த ஜிப்பை நூல் போட்டுத் தைத்தே வைத்தேன். தவிரவும் துணிப் பெட்டியில் பூட்டு இல்லை, தனியாக வாங்க வேண்டும். கெட்டிப் பெட்டியில் மூன்று எண் பூட்டு கூடவே வந்தது. அமெரிக்கப் பயணத்துக்கான பூட்டில் சிவப்புச் சாய்சதுர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. அந்த நாட்டுப் பாதுகாப்புச் சோதகர்கள் தம்மிடம் உள்ள பொதுச் சாவியால் அதைத் திறந்து பார்த்துவிட்டு மீண்டும் பூட்டமுடியும். நம் ஊர்த் திண்டுக்கல் பூட்டைப் போட்டால் வெட்டி எறிய அவர்களுக்கு உரிமை உண்டு. திரும்பும் வழியில் எங்கள் பெட்டி ஒன்றைத் திறந்து சோதித்து, அதற்கான அச்சிட்ட சீட்டையும் உள்ளே வைத்திருந்தார்கள். இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: சுருள் பல் ஜிப் உள்ள எந்தப் பெட்டியையும் ஒரு பந்துமுனைப் பேனாவால் குத்திப் பிளந்து, எடுப்பதை எடுத்துக்கொண்டு, ஜிப்பின் ஓடத்தை இழுத்து மறுபடி மூடிவிடலாம். கடைக்காரரின் அனுமதியோடு காட்சிக்கு வைத்திருந்த பெட்டியில் நானே செய்து பார்த்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆகவே பூட்டு நல்லதாக இருந்தாலும் நகையும் மருந்தும் கடவுச்சீட்டும் கைப்பையில்தான் இருக்கவேண்டும்.

வாங்கியவற்றில் மிக மலிவானதும் மிகப் பயன்பட்டதும் தொங்கு தராசுதான். ரூ.450. 50 கிலோ வரை காட்டும். வாங்கியதும் அண்ணாச்சி கடை அரிசி மூட்டையை மாட்டிச் சரிபார்த்ததில், 25 கிலோவுக்கு 24.8 காட்டியது. அந்த 200 கிராமை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியையும் 22.5-இல் நிறுத்தினோம். சென்னை விமான நிலையத்தில் நான்கு பெட்டிகளும் 22.6-க்கும் 22.9-க்கும் இடையில் நின்றன. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பம் பெட்டியைத் தரையில் திறந்து, முறுக்குச் சம்படத்தை எடுத்து ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றிக்கொண்டிருந்தது. தராசைக் கையில் பிடித்தபடி பெட்டியைத் தூக்குவதற்கு மட்டும் முதுகு பலம் வேண்டும். அறுபது வயதைத் தாண்டியவர்கள் கதவுச் சட்டத்தில் ஒரு கொக்கி அடித்துக்கொள்வது நல்லது.

எடையைப் பார்க்கத் தொடங்கியபின் பெட்டிக்கு உள்ளே போகிறவற்றின் மேலும் அதே கண் விழுந்தது. என் மனைவி பொடிகளை எவர்சில்வர் சம்படங்களில்தான் கொண்டுபோவது என்று பிடிவாதமாக இருந்தாள். ஒரு சம்படம் 350 கிராம். எட்டு சம்படம் 2.8 கிலோ. எண்ணைச் சொன்னதும் பிடிவாதம் தளர்ந்தது. பக்கத்துத் தெருவில் பலகாரம் விற்பவரிடம் பாக்கெட் ஒட்டும் இயந்திரம் இருந்தது. அவரிடம் கொடுத்து எல்லாவற்றையும் கெட்டி உறைகளில் ஒட்டி, மேலே பெயரெழுதி எடுத்துக்கொண்டோம். கொப்பரைத் தேங்காயை அவள் வைக்க முயன்றாள், நான் எடுத்துவிட்டேன்: எண்ணெய்ச் சத்தால் தானாகத் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்ற வகையில் விமானத்தில் அதற்குத் தடை உண்டு. துபாய் வழியாகப் போவதால் குருமாப் பொடியில் கசகசா சேர்க்கவேண்டாம் என்றும் சொன்னேன்; அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள். பச்சைக் கறிவேப்பிலையும் அரிசியும் அமெரிக்காவுக்குள் கொண்டுபோகக் கூடாதவை. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்ததால், அதன் இலையில் ஒட்டிவரும் பூச்சி அங்குள்ள ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நோயைக் கொண்டுபோய்விடும் என்று அஞ்சுகிறார்கள். மற்ற உணவுப் பொருள்கள் அனைத்தையும் சுங்கத்தில் சொல்லிவிட்டோம். இரண்டு கேள்விகள் கேட்டார்கள், அனுப்பிவிட்டார்கள்.

வாங்கியிருக்கவே வேண்டாதவை என்று பார்த்தால் முதலில் குளிர் அங்கிகள். இங்கே ஒருவருக்கு ரூ.3,500 வீதம் கொடுத்து வாங்கியவை இரண்டும் சேர்ந்து 2.6 கிலோ, ஊட்டிக்குப் போதும், நியூஜெர்சியின் தை மாதத்துக்குப் போதாது. அங்கேயே வாங்கியிருக்கலாம். உள்ளே அணியும் தெர்மல் உடைகள் மட்டும் இங்கே மலிவு, எடையும் இல்லை. மிக்ஸியையும் எடுத்துப்போக நினைத்து நல்லவேளையாக விட்டோம். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நமது மிக்ஸிக்கு 230 வேண்டும், நடுவில் வைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மிக்ஸியை விடக் கனமானது. கைப்பேசி, மடிக்கணினி சார்ஜர்களின் முதுகில் 100–240 என்று அச்சிட்டிருக்கும் என்பதால் அவற்றுக்குச் சொருகியை மாற்றும் சிறு அடாப்டர் போதும். இரண்டு வாங்கினோம், ரூ.300. பவர் பேங்கைப் பெட்டியில் வைக்கக்கூடாது, கைப்பையில்தான். கழுத்துத் தலையணை ஊதி நிரப்பும் வகையாக இருக்கட்டும். பஞ்சு அடைத்ததைத் தோளில் மாட்டிக்கொண்டு ஐந்தரை மாதம் கழித்தும் சுமந்து வந்தவன் சொல்கிறேன்.

திரும்பிவந்தபோது கெட்டிப் பெட்டி ஒன்றின் மூலை விரிசல் விட்டிருந்தது. மற்றொன்றில் ஜிப்பின் இழுவைப்பிடி கழன்றிருந்தது. சென்னையில் இறங்கியதுமே, வெளியே வருவதற்குள் புகாரை எழுதிக் கொடுத்துவிட்டேன். சேதத்தைப் பெட்டி கைக்கு வந்த ஏழு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என்பது சர்வதேச ஒப்பந்த விதி. பெட்டியின் ஐந்து வருட உத்தரவாத அட்டையையும் எடுத்துப் பார்த்தேன். விமான நிறுவனம் கையாளும்போது ஏற்படும் சேதம் அதில் சேராது என்று பொடி எழுத்தில் இருந்தது. அப்படியானால் அந்தப் பெட்டி வேறு எங்கேதான் சேதமாகும் என்று எனக்குப் புரியவில்லை. என்.எஸ்.பி. சாலைக் கடைக்காரர் நிறுவனத்துக்கு இரண்டு முறை தொலைபேசியில் பேசிப் பார்த்தார், பலனில்லை. பிறகு அவரே கடை வாசலில் உட்காரும் தொழிலாளியிடம் கொடுத்து, ரூ.80-க்கு வேறு இழுவைப்பிடி போட்டுத் தந்தார், பணத்தையும் வாங்கிக்கொள்ளவில்லை. சுவரில் தொங்கு தராசு ஒன்று மாட்டியிருந்தது.

துணிப் பெட்டிகள் இரண்டும் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. அடுத்த ஆறு மாதம் பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போகும் சம்பந்தி அம்மா கேட்டு வாங்கிப்போய்விட்டார். தராசையும் கூடவே கொடுத்தேன். விரிவாக்க ஜிப்பில் போட்ட தையலை மட்டும் பிரிக்கவேண்டாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன்.